பாட்டன் பெயரும் பழைய எழுத்தும்

தெமட்டகொடைப் பக்கம் பேஸ்லைன் வீதியால் போய் வருவோர் ‘கார்ல்ஷ்ரூ’ என்ற பெயரைப் பலகைகளிற் கண்டிருப்பர். 1907ஆம் ஆண்டில் வெஸ்லிக் கல்லூரி புறக்கோட்டை டாம் வீதியை விட்டுப் பெயர்ந்துவந்து குடிகொண்ட வளவின் பெயரும் இதுவே. ஜேர்மனியின் தென்மேற்கே பாடன் நாட்டுச் சிற்றரசன் கார்ல் வில்ஹெல்ம் 1715ஆம் ஆண்டில் அமைத்த கார்ல்ஸ்ரூஹெ என்னும் நகரத்தின் பெயர் அது. ஆங்கில எழுத்துக்களைக் கூட்டிப் பார்ப்பவர்களுக்கு ஓர் உண்மை புலப்படும்: இறுதியில் நிற்கவேண்டிய ‘ஹ’கரம் இரண்டெழுத்தைத் தாண்டி முன்னே வந்துவிட்டது. எழுதிய கை ஒருமுறை தவறியது. அச்சிட்டவர்கள் அதைப் பின்பற்றினார்கள். வீதிக்கும் அதுவே பெயராயிற்று. இன்று அந்நகரத்தின் பெயரைச் சரியாக எழுதி அனுப்பினால், தபாற்காரர் அதைத் தவறென்றே கொள்வார்.

எழுத்துத் தவறிய பெயர்ப்பலகையை எண்ணிச் சிரித்துவிட்டுப் போகலாம். மனிதரின் பெயர்களுக்கும் இதுவே நேரும்போது சிரிப்பதற்கு இடமில்லை. இதை நாம் கற்றுக்கொண்டது, எமது அயலில், புகையிரத இயந்திரக் கொட்டகைக்கு அண்மையில் வசிக்கும் முதியவர் ஒருவரின் வீட்டிலே.

அவர் பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவர். புகையிரதச் சாரதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய குடும்ப வேதாகமத்தினுள் மடித்து வைக்கப்பட்ட தாள் ஒன்று தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தது. ஜேர்மன் மொழியில் எழுதப்பட்டது என்பது மட்டும் குடும்பத்தாருக்குத் தெரியும். அதை வாசித்தவர் எவருமில்லை. வாசிக்காத தாளைப் பற்றிக் குடும்பத்தில் ஒரு கதை வளர்ந்திருந்தது. அவர்களுடைய மூதாதை ஒல்லாந்தக் கொம்பனியின் படையிலே கப்டனாக இருந்தவராம், பிரபு குலத்தவராம், சொந்த நாட்டிலே மாளிகை இருந்ததாம். மாளிகையில்லாத மூதாதை எந்தக் குடும்பத்துக்குத்தான் இருந்திருக்கிறார்!

நாம் ஜேர்மன் மொழியைச் சிறிது கற்றிருக்கிறோம் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்முதியவர் அந்தத் தாளை எமது மேசைமீது விரித்தார். எமக்கு ஒரு சொற்கூடப் புரியவில்லை. மொழி தெரிந்திருந்தும் எழுத்துத் தெரியவில்லை. கோழி கிளறியதுபோல் சாய்ந்த கோடுகள் வரிசை வரிசையாக ஓடின.

ஜேர்மனியர் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கையாண்ட அவ்வெழுத்துக்குக் ‘குர்ரென்ட்’ என்று பெயர். ஓடுதல் என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஓட்டெழுத்து என்று நாம் சொல்லலாம். பேனாவைத் தூக்காமல் எழுதுவதற்கென்றே அமைந்தமையால் மேலும் கீழுமாகக் கூரிய கோடுகளே அதில் மிகுதி. ‘எ’கரத்தைக் குறிக்கும் எழுத்து இரண்டு சிறு கோடுகள், ‘ந’கரமும் ஏறக்குறைய அவ்வாறே, ‘ம’கரத்துக்கு ஒரு கோடு அதிகம். ‘உ’கரத்துக்கும் ‘ந’கரத்துக்கும் வேறுபாடு தலைக்குமேல் இடப்படும் ஒரு சிறு வளைவே. அவசரத்தில் எழுதிய பாதிரியார் அந்த வளைவை மறந்திருந்தால் வாசிப்பவன் பாடு அதோகதிதான். ‘ஸ’கரத்துக்கு இரண்டு வடிவங்கள்: சொல்லின் முதலிலும் இடையிலும் நீண்ட கோல் போன்றது ஒன்று, இறுதியில் சுருண்டது மற்றொன்று. போதாக்குறைக்கு, இலத்தீன் சொற்களும் பிரெஞ்சுச் சொற்களும் வருமிடத்தில் அதே கை சட்டென்று நமக்குப் பழக்கமான உரோம எழுத்துக்கு மாறிவிடும்.

ஏட்டுச் சுவடி வாசித்துப் பழகிய தமிழருக்கு இந்தச் சங்கடம் புதிதன்று. ஓலையிலே புள்ளி இல்லை. ரகரமும் காலும் ஒரே உருவம். குறில் எகரம் எது, நெடில் ஏகாரம் எது என்று இடம் நோக்கியே துணியவேண்டும். தாமோதரம்பிள்ளையும் சாமிநாதையரும் பட்ட பாட்டைப் பதிப்புரைகளிற் படித்திருக்கிறோம். அவர்கள் பின்பற்றிய வழியையே நாமும் பின்பற்றினோம். தெரிந்த சொல்லிலிருந்து தெரியாத எழுத்துக்குப் போவது என்பதே அவ்வழி. ஞானஸ்நான அத்தாட்சி என்றால் மாதப் பெயர் இருக்கும். யாக்கோபு, யோவான், அன்னா மரியா போன்ற பெயர்களில் ஒன்றாவது இருக்கும். தகப்பன், தாய், ஞானத்தாய் என்ற சொற்கள் வரும். அவற்றைப் பிடித்துக்கொண்டு அந்த எழுத்தரின் கைக்கேயுரிய அரிச்சுவடி ஒன்றை ஒரு தாளில் வரைந்தோம். அச்சிட்ட எழுத்து அட்டவணைகள் உண்டு, அவை உதவும். ஆயினும் அட்டவணையில் உள்ள எழுத்தை எந்த மனிதனும் எழுதுவதில்லை. ஒவ்வொரு கையும் தனித்தனி அரிச்சுவடி. வாசிப்பதைவிட அவ்வெழுத்தைப் பார்த்து எழுதிப் பழகுவதே விரைவாகப் பயன் தந்தது என்பதையும் சொல்லவேண்டும்; கை ஓடிய திசை தெரிந்தபின்னரே கண் அதைப் பின்தொடர்கிறது.

மூன்றாம் ஞாயிறன்று திகதி விளங்கியது. வேதாகமத்தின் முதற்பக்கத்தில் மூதாதையின் பிறப்பு யூலை மாதம் என்று முதியவரின் பாட்டனார் எழுதி வைத்திருந்தார். தாளில் மாதப் பெயர் முழுதாக எழுதப்படவில்லை. ஏழு என்ற இலக்கமும் அதன் பின்னே ‘பெர்’ என்ற ஒலியும் மட்டும் இருந்தன. ஏழாம் மாதம் யூலைதானே என்று பாட்டனார் கருதியிருக்கிறார். உண்மையில் அது செப்டெம்பர். இலத்தீனில் ‘செப்டெம்’ என்றால் ஏழு. பழைய உரோமருக்கு அது ஏழாம் மாதம். அக்காலத்து எழுத்தர்கள் செப்டெம்பரை ஏழாலும் ஒக்டோபரை எட்டாலும் சுருக்கி எழுதினார்கள். இதை அறியாமல் வம்சாவளி எழுதியவர்கள் எத்தனை பேருக்குப் பிறந்த மாதத்தை மாற்றியிருப்பார்களோ! தாயின் குடும்பப் பெயரிலும் ஒரு தவறு இருந்தது. பெண்களின் குடும்பப் பெயருக்கு இறுதியில் ‘இன்’ என்ற விகுதி சேர்ப்பது அன்றைய வழக்கு. அவ்விகுதியையும் பெயரின் பகுதியாகக் கொண்டு, உலகில் இல்லாத ஒரு குடும்பத்தைப் பாட்டனார் உண்டாக்கியிருந்தார்.

தகப்பன் பெயருக்கு அடுத்து நின்ற சொல்தான் எம்மை நீண்ட நேரம் அலைத்தது. அதுவே தொழிலைக் குறிப்பது. முதியவர் அது ‘கப்டன்’ ஆகத்தான் இருக்கவேண்டும் என்றார். எழுத்தெழுத்தாகக் கூட்டினோம். முதலெழுத்து ‘ட’கரம். நடுவிலே மேல்நோக்கி உயர்ந்த ஓர் எழுத்து. அதன்பின் உயிரெழுத்தின் தலைமேல் இரண்டு சிறு கீறல்கள். பிறகு மேலும் கீழும் கண்ணியிட்ட ‘ஹ’கரம். ‘டாக்லோனர்’ என்று அமைந்தது. நாட்கூலிக்கு வேலை செய்பவன் என்பது பொருள்.

முதியவர் சிறிது நேரம் பேசவில்லை.

இது வியப்புக்குரியதன்று என்பதை அக்காலத்துச் சரித்திரம் அறிந்தோர் உணர்வர். 1656இல் கொழும்பைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றி 1796இல் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும்வரை, ஒல்லாந்தக் கொம்பனியின் படையில் ஒல்லாந்தர் மட்டும் இருக்கவில்லை; ஜேர்மன் நாடுகளிலிருந்து வந்தோர் பெருந்தொகையினர். நூர்ன்பெர்க்கைச் சேர்ந்த யோகான் யாக்கோப் சார் போன்று தாம் கண்டதை எழுதிப் புத்தகமாக்கியவர் சிலரே. அவருடைய நூல் 1662இல் வெளிவந்தது. மற்றவர்கள் சம்பளப் பேரேட்டில் ஒரு வரியாகவே எஞ்சினர். ஊரிலே நிலமில்லை, வேலையில்லை, போர்கள் ஓயவில்லை. ஆம்ஸ்டர்டாம் துறைமுகத்தில் ஆள்பிடிப்போர் காத்திருந்தார்கள். வூர்ட்டம்பெர்க் கோமகன் கார்ல் ஒய்கேன் தன் குடிமக்கள் ஏறத்தாழ 2,000 பேரைக் கொண்ட படையொன்றையே கொம்பனிக்குக் கூலிக்கு விட்டான். 1787இல் அவர்கள் நன்னம்பிக்கை முனைக்குப் புறப்பட்டார்கள். ஒரு பகுதியினர் பின்னர் இலங்கைக்கும் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் புறப்பட்டபோது, அதே கோமகனின் சிறையிலிருந்த சூபார்ட் என்னும் கவிஞன் அவர்களுக்காகப் பாட்டெழுதினான். திரும்பி ஊர் கண்டவர் மிகச் சிலர். மன்னன் குடிமகனை விற்றான், கொம்பனி வாங்கிற்று. இந்த வாணிகத்தின் சரக்காக வந்தவனைக் கப்டன் ஆக்குவதும் பிரபு ஆக்குவதும் பேரப்பிள்ளைகளின் ஆசை. அவனுடைய வாழ்வு அதிலே மறைந்துபோகிறது.

வம்சாவளி ஆராய்ச்சி என்றால் எமது முற்போக்கு நண்பர்கள் முகஞ்சுளிப்பதுண்டு. குலப்பெருமை பேசுவோரின் பொழுதுபோக்கு என்பது அவர்கள் எண்ணம். அதற்குக் காரணமும் உண்டு. 1908இல் கொழும்பில் அமைந்த ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையிலே குடும்ப வரலாறுகளை ஆண்டுக்கணக்கில் வெளியிட்டு வந்தது. அதன் முன்னோடியான ஆர். ஜி. அந்தோனிஸ், அரசாங்கத்தின் முதற் சுவடிகாப்பாளராகவும் இருந்து, ஒல்லாந்தக் கைப்பிரதிகளை வாசிக்கக்கூடியவராயிருந்தார். அம்முயற்சியால் விளைந்த பயன் பெரிது. ஆனால் தகப்பன்வழி ஐரோப்பியரைத் தேடிச் சென்ற அவ்வரலாறுகளில், இந்நாட்டுத் தாய்மாரும் பாட்டிமாரும் வரியின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர். தமிழரும் சிங்களவரும் எழுதிய குலவரலாறுகள் இதைவிட மேலென்று சொல்ல எமக்கு வாய் வரவில்லை. எல்லோரும் மன்னர் வழி, முதலிகள் வழி. ஏர் பிடித்தவனுக்கும் கள் இறக்கியவனுக்கும் பேரப்பிள்ளைகளே இல்லை போலும்!

எழுத்தை வாசிக்கக் கற்றவன் கையில் இந்தப் பெருமை நீடிப்பதில்லை. அதனால்தான் இக்கல்வி எமக்கு முக்கியமாகப்படுகிறது. கொழும்பு ரீட் மாவத்தையிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்த ஆட்சிக்காலத்து ஏடுகள் ஏழாயிரத்துக்கும் மேல் உள்ளன. உலகெங்கும் சிதறிக் கிடக்கும் கொம்பனிச் சுவடிகளோடு சேர்த்து, 2003ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பட்டியலிற் சேர்த்தது. அவற்றுள் காணித் தோம்பும் தலைத் தோம்பும் உண்டு. எந்தக் காணி யாருடையது, அவன் என்ன சாதி, கொம்பனிக்கு என்ன ஊழியம் செய்யக் கடமைப்பட்டவன், வீட்டில் எத்தனை பேர் என்றெல்லாம் அவற்றில் எழுதப்பட்டிருக்கிறது. பாடசாலைத் தோம்புகளிலே ஞானஸ்நானமும் விவாகமும் பதியப்பட்டன. சாதாரண மனிதனின் பெயர் எழுத்திலே ஏறியது பெரும்பாலும் இங்கேதான்; அவனிடமிருந்து எதைப் பெறலாம் என்ற கணக்கிலே ஏறியது. ஒல்லாந்தரின் பழைய கையெழுத்து ஜேர்மன் எழுத்துக்கு நெருங்கிய உறவு; ஒன்றைப் பழகியவனுக்கு மற்றது பாதி விளங்கும். பேராசிரியர் சி. அரசரத்தினம் இக்கைப்பிரதிகளை நேரிற் படித்தமையாலேயே ‘இலங்கையில் ஒல்லாந்தர் அதிகாரம்’ பற்றிய தமது ஆங்கில நூலை 1958இல் வெளியிட முடிந்தது. அவரைத் தொடர்ந்து இவ்வெழுத்தை வாசிக்கவல்ல தமிழர் எத்தனை பேர் என்று எண்ணினால் விரல்கள் மிஞ்சும்.

‘ஏழாம் பெர்’ என்று சுருக்கப்பட்ட அந்த மாதப் பெயர் எமக்கு வேறொன்றையும் நினைவூட்டிற்று. கொம்பனியின் அடிமைப் பட்டியல்களிலே செப்டெம்பர் என்பது மனிதனின் பெயராகவும் வரும். பிடித்துவரப்பட்டவனின் சொந்தப் பெயரை எழுதச் சோம்பிய எழுத்தர், ஒருவனுக்கு மாதத்தின் பெயரையும் மற்றொருவனுக்குக் கியூப்பிட் என்ற உரோமக் கடவுளின் பெயரையும் இட்டு, பின்னே ‘சோழமண்டலக் கரையான்’ என்பதுபோல் ஊர்ப்பெயரைச் சேர்ப்பார். தஞ்சை நாட்டிலே பஞ்சமும் போரும் மூண்ட பதினேழாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான தமிழர் நாகபட்டினத்திலிருந்து அவ்வாறு கப்பலேற்றப்பட்டனர். அவர்களுடைய வம்சாவளியை எந்தப் பாட்டனாரும் வேதாகமத்தில் எழுதி வைக்கவில்லை. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிக்கப்பட்டது 1844இலேதான்.

ஜேர்மன் எழுத்தின் கதைக்கு மீள்வோம். அதன் முடிவு விசித்திரமானது. லூத்விக் சூட்டர்லின் என்னும் ஓவியர் பிரஷ்ய அரசின் வேண்டுகோளின்படி 1911இல் அவ்வெழுத்தைப் பிள்ளைகளுக்கென எளிமைப்படுத்தினார்; 1915 முதல் பிரஷ்யப் பள்ளிகளில் அது கற்பிக்கப்பட்டது. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். அவ்வாண்டு ஏப்ரல் 7ஆம் திகதிச் சட்டத்தின்படி அரசாங்க உத்தியோகத்தர்கள் தாம் ‘ஆரியர்’ என நிரூபிக்கவேண்டியதாயிற்று. பாட்டன் பாட்டிமாரில் ஒருவர் யூதராயிருந்தாலும் வேலை போயிற்று. 1935ஆம் ஆண்டின் நூர்ன்பெர்க் சட்டங்கள் இதைக் குடியுரிமைக்கும் விவாகத்துக்கும் விரித்தன. ‘எஸ். எஸ்.’ படையிற் சேருவோருக்கு 1800ஆம் ஆண்டுவரை மூதாதையரைக் காட்டும்படி கட்டளை. நாடெங்கும் மக்கள் கோயிற் கந்தோர்களில் வரிசையில் நின்றார்கள். பாதிரிமாரும் லிகிதர்களும் குர்ரென்ட் எழுத்தில் இருந்த பேரேடுகளைத் துருவினார்கள். அன்பினால் தேடவேண்டிய பாட்டியின் பெயரை அச்சத்தினால் தேடினார்கள். ஒரு வரியை வாசித்த விதத்தில் ஓர் உயிர் தங்கியிருந்தது. அதே ஆட்சி 1941 ஜனவரியில், அச்சிலிருந்த பழைய ஜேர்மன் எழுத்து ‘யூத எழுத்து’ என்று ஓர் அபத்தத்தைக் கண்டுபிடித்து விலக்கியது; செப்டெம்பரில் கையெழுத்தையும் பள்ளியிலிருந்து நீக்கியது. பாட்டனைத் தேடு என்று ஆணையிட்ட அரசே, பாட்டனின் கடிதத்தைப் பேரன் வாசிக்க முடியாதவாறு செய்தது. இன்று ஜேர்மனியிலும் இவ்வெழுத்தை வயோதிபரும் பயின்றவர்களுமே வாசிக்கிறார்கள்.

இதைப் படிக்கும் இலங்கைத் தமிழருக்கு வேறோர் ஆண்டு நினைவுக்கு வராமற் போகாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தவனைப் பார்த்து, உன் தகப்பன் இங்கு பிறந்ததற்குச் சான்று எங்கே என்று கேட்டது. அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்ததற்குச் சான்று எங்கே என்று கேட்டது. ஜேர்மனியில் நேர்ந்த படுகொலையோடு இதை ஒரே தராசில் நிறுக்க நாம் முற்படவில்லை. கேள்வியின் வடிவத்தையே சுட்டுகிறோம். மலையகத்தில் லயத்திற் பிறந்து லயத்தில் இறந்தவனின் பிறப்பைத் துப்புரவாக எழுதி வைத்தவர் யார்? தோட்டத்துச் செக்ரோலில் அவன் பேருக்கு நேரே பதியப்பட்டது ஒரு நாள் வேலையே. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேரே. பெயரில் ஓரெழுத்து வேறுபட்டதற்காகவும், ராமசாமி ஓரிடத்தில் ‘ராமன்’ என்று எழுதப்பட்டதற்காகவும் வாசலில் நின்றவர்களை மலையகத்திற் கேட்டறியலாம். 1964 ஒக்டோபரில் இரு பிரதமர்கள் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பங்கிட்டார்கள். மிஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்க்கலாம் என்று விட்டார்கள். நாடற்றவர் என்ற நிலை சட்டப்படி நீங்கியது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான்.

முதியவரின் வீட்டில் நாம் தாளோடு மல்லாடிய ஞாயிறுகளில், மூலையிலுள்ள தேநீர்க்கடைக்காரர் தேநீர் கொண்டுவந்து தருவார். பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து சிறுவயதில் வந்தவர். ‘டாக்லோனர்’ என்பதன் பொருளை நாம் சொன்ன அன்று அவரும் நின்றிருந்தார். “அட, அந்த வெள்ளைக்காரரும் நம்ம ஆளுதானா!” என்று சிரித்தார். முதியவரும் சிரித்தார், அன்று அவர் சிரித்தது அப்போதுதான். பின்னர் அவர் வேதாகமத்தை வாங்கி, முதற்பக்கத்தில் யூலை என்றிருந்ததை மெல்லிய கோட்டால் அடித்து, செப்டெம்பர் என்று எழுதினார். பாட்டனாரின் எழுத்து தெரியும்படியே அடித்தார். அடுத்த வரியில், தகப்பன் பெயருக்கு எதிரே, நாட்கூலி என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையொப்பமும் திகதியும் இட்டார்.

போகும்போது தேநீர்க்கடைக்காரர் எம்மைத் தனியே அழைத்தார். “ஐயா, எங்க தாத்தாவோட கடுதாசி ஒன்னு வீட்டுல இருக்கு. தோட்டத்த விட்டு வெளிய வந்தப்ப தொரை கந்தோர்ல குடுத்தது. அத யாருமே படிச்சதில்ல. பாத்துச் சொல்லுவீங்களா?” என்றார். கந்தோர் என்ற சொல்லே ஒல்லாந்தர் விட்டுப்போனதென்று அவரிடம் சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டோம்.

மறுநாள் அவர் கொண்டுவந்த சீட்டு நான்காக மடிந்து, மடிப்புகளிற் கிழிந்திருந்தது. ஆங்கிலக் கூட்டெழுத்து; தோட்டத்து லிகிதரின் அவசரக் கை. பெயர் தெளிவாக இருக்கிறது. திருச்சிராப்பள்ளி ஜில்லா என்பதும் தெரிகிறது. ஊர்ப் பெயர் ‘ம’கரத்தில் தொடங்கி ‘ரி’ என்று முடிகிறது; நடுவே மை ஊறிப்போயிற்று. முசிறியா, மருங்காபுரியா என்பதைத் துணிய முடியவில்லை. அதே லிகிதர் எழுதிய வேறு சீட்டுகள் எவரிடமேனும் இருந்தால் அவருடைய ‘உ’கரத்தையும் ‘அ’கரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று சொன்னோம். அவருடைய மைத்துனர் வீட்டில் இரண்டு இருக்கின்றனவாம். வரும் ஞாயிறன்று பூதக்கண்ணாடியோடு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம்.